ஆடிக்காற்று செய்த புல்

என் பெயர் அம்புஜம். அம்புஜம் என்றால் தாமரை. தண்ணீரில் நிற்பதற்கென்றே வைத்த பெயர். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். சேற்றில் கால் புதைந்தால் குலதெய்வத்தின் பெயர்கூட ஞாபகத்துக்கு வராது. இப்படிப்பட்டவள் ஐந்து வருடம் கோயமுத்தூர் ஜில்லாவின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் இறங்கிக் காட்டுப்புல் பறித்து, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, அதற்காக டாக்டர் பட்டமும் வாங்கினேன். அதில் பெருமைப்பட என்ன இருக்கிறதோ தெரியாது, சிரிக்க நிறைய இருக்கிறது.

1993-ல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. நல்ல தலைப்பெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. ஆர்க்கிட் ஒருவருக்கு, பெரணி ஒருவருக்கு. மூலிகைக்கு மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் தொடாமல் கிடந்தது புல் ஒன்றுதான். என் வழிகாட்டி பேராசிரியர் உமர் பாரூக், ஓய்வு பெற ஐந்தாறு வருடமே இருந்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். நீர்நிலைகளில் வளரும் புற்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புல்லை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அதனால் நான் தப்புச் செய்தாலும் வெளியே தெரியாது என்று ஆறுதலும் சொன்னார். அந்த ஆறுதலை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் என் கணவர் சீனிவாசலுவுக்கு பீளமேட்டில் லேத் பட்டறை. எனக்கு செடி அழுத்தும் பிரஸ் ஒன்று வேண்டும் என்றேன். இரண்டு மரச் சட்டம், நடுவே பழைய பேப்பர், மேலே ஒரு வார், அவ்வளவுதான் பிரஸ். அவர் லேத்காரர். ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, நான்கு மூலையிலும் போல்ட்டு நட்டு வைத்து, ஸ்பேனரோடு கொடுத்தார். பதினோரு கிலோ. சோமனூர் பஸ்ஸில் அதைத் தூக்கி ஏறும்போதெல்லாம் கண்டக்டர் அது கிரைண்டரா, தையல் மெஷினா என்று கேட்பார். உள்ளே புல் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டார்.

மாமியார் வெங்கடம்மாளிடம், மருமகள் என்ன செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், காலேஜுக்குப் போகிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை வெட்டி இல்லாதவனைத்தான் நம் ஊரில் புல் புடுங்குகிறான் என்போம். என் விஷயத்தில் அது அப்படியே உண்மையாகவும் இருந்து தொலைத்தது.

முதல் தடவை குளத்துக்குப் போய் நாற்பது செடி கொண்டுவந்தேன். பேராசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து, தண்டை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்கச் சொன்னார். புல்லின் தண்டு உருளும். கோரையின் தண்டு முக்கோணமாக இருப்பதால் உருளாது. ஆராய்ச்சிக்கு வருமுன் கல்லூரியில் முதல் வருட மாணவிகளுக்கு இதை நானே பாடம் நடத்தியிருக்கிறேன். நாற்பதில் இருபத்திரண்டு உருளவில்லை. அவர் கோரைகளை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

மெல்ல வேலை பழகியது. செடியை வேரோடு தோண்டி, மண்ணைக் கழுவி, நீளமாக இருந்தால் மடித்து, பேப்பருக்குள் வைத்து அழுத்த வேண்டும். ஒரு வாரம் தினமும் பேப்பர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் உலர்த்துவேன். பேப்பர் மாற்ற உட்கார்ந்தால் ஆறு மாதத்துப் பழைய செய்தியைப் படித்துக்கொண்டு அரை மணி நேரம் போய்விடும். உலர்ந்த பிறகு வெள்ளை அட்டையில் ஒட்டி, எந்த ஊர், என்ன தேதி, எவ்வளவு ஆழத் தண்ணீர் என்று லேபிள் எழுத வேண்டும். அதற்கு ஷீட் என்று பெயர். அந்த ஷீட்டுகளைப் பாதுகாக்கும் அறைதான் ஹெர்பேரியம். எங்கள் துறையின் ஹெர்பேரியம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

சோமனூருக்குத் தெற்கே ஒரு குளத்துக்கு அடிக்கடி போனேன். பெயர் சொல்லமாட்டேன், என்னைத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கரையில் நின்றால் நான்கு பக்கமும் தறி ஓடும் சத்தம் கேட்கும். பெருந்துறைப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம் அது. குடையும் நோட்டுமாக ஒரு பொம்பளை தண்ணீரை அளந்து எழுதிக்கொள்வதைப் பார்த்து ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். யார் அனுப்பினார்கள், எவ்வளவு ஏக்கர் போகும் என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனால் வழியை விடவில்லை. புல் சேகரிக்கிறேன் என்று நான் சொன்ன உண்மை, சொன்ன எனக்கே பொய்யாகப் பட்டது.

அப்போது தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்று புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அங்கிருந்தே பேசினார்.

"உடுங்க, அந்தம்மிணி நெசமாத்தான் சொல்லுது. போன வாரமும் வந்துதுங்க. கோரையைப் புடுங்கிட்டுப் போச்சு. நெலம் எடுக்கறவங்களுக்குக் கோரை எதுக்குங்க?"

அவர்தான் சென்னியம்மாள். நாற்பது வயதிருக்கும். இரண்டு எருமை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் குளத்தின் வடகரை ஓரம் தண்ணீரில் மிதந்து படரும் ஒரு புல்லைத் தினமும் காலையில் இரண்டு கட்டு அறுப்பார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சரம்மா என்பார். நான் தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நின்று கையை நீட்டினால், எட்டாததைப் பறித்துக் கரைக்கு எறிவார். என் சேகரிப்பில் ஆழத் தண்ணீர்ப் புல் என்று எழுதியவற்றில் பாதிக்கு மேல் அவர் எறிந்ததை நான் பிடித்தவை. பிடிக்காமல் விட்டதும் உண்டு.

1995 ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோயமுத்தூரில் என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. அன்றைக்குக் காலையில் மாடியில் பிரஸ்ஸைத் திறந்து பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். போல்ட்டு நான்கையும் கழற்றி, முப்பது செடியையும் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். கீழே குக்கர் விசில் அடித்தது. இரண்டு நிமிடம் இறங்கிப் போனேன்.

திரும்பி வந்தபோது மாடியில் பேப்பர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. செடிகள் தண்ணீர்த் தொட்டி இடுக்கிலும், கொடியில் காய்ந்த வேட்டியிலும், பக்கத்து வீட்டு முருங்கை மரத்திலும் கிடந்தன. பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறி, குச்சியால் தட்டி எல்லாவற்றையும் பொறுக்கினேன். பல உலர்ந்து முறிந்திருந்தன. பேப்பரில் எழுதியிருந்த நம்பரையும் ஞாபகத்தையும் வைத்துத் துண்டுகளைச் சேர்த்து அந்தந்தப் பேப்பருக்குள் திருப்பி வைத்தேன். எல்லாம் சரியாகவே வைத்தேன் என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

பத்து நாள் கழித்து அட்டையில் ஒட்டும்போதுதான் அதைப் பார்த்தேன். கீழே தண்ணீரில் மிதப்பதற்கென்றே அமைந்த தடித்த தண்டு, கணுவுக்குக் கணு வேர். மேலே அதற்குச் சம்பந்தமே இல்லாமல் மெல்லிய, விரிந்த, மயிரிழை போன்ற கதிர். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு புல் இல்லை. நான்கு புத்தகம் பார்த்தேன். தண்டின் நடுவில் சின்ன விரிசல் இருந்தது, பலமாக இருக்கட்டும் என்று அதன்மேல் கூடுதலாகக் கோந்து தடவினேன். உலகத்தில் யாரும் பார்க்காத புல்லை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஒரு வகையில் அது உண்மைதான்.

பேராசிரியர் லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு அப்போதே ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. புதியதாக இருக்கலாம், ஆனால் ஒரே ஒரு செடியை வைத்துச் சொல்ல முடியாது, அதே இடத்தில் பூத்த செடி குறைந்தது இன்னும் நான்கு கொண்டுவா என்றார். அவர் இவ்வளவுதான் சொன்னார். மதியத்துக்குள் துறை முழுக்கப் புது இனம் என்று பரவியிருந்தது. பரப்பியது நான்தான். எல்லோருக்கும் மிக்ஸரும் டீயும் வந்தது. நான் இந்தியன் இங்க்கில் அந்தப் புல்லை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்து, கல்கத்தாவில் இருந்த ஒரு புல் நிபுணருக்கு அனுப்பிவைத்தேன். அந்த விரிசலைக்கூட விடாமல் வரைந்தேன், அது என்ன என்று மட்டும் யோசிக்கவில்லை.

புதுச் செடிக்குக் கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது, அது மரபு. அதனால் கணவர் பெயரை வைக்கலாம் என்று நினைத்து அவரிடம் சொன்னேன். அவர் லேத்தை நிறுத்திவிட்டு யோசித்தார். மரம் ஏதாவது கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமே, புல்லுக்கு எதற்கு என்றார்.

அந்தச் செடியை எடுத்தது சோமனூர்க் குளத்தின் வடகரையில். அங்கே பூத்த செடி கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் சென்னியம்மாளின் அரிவாள். வடகரைப் புல் பூக்கும் முன்பே எருமை வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் அவரிடம் போய், இந்தப் புல் உலகத்திலேயே இங்கே மட்டும்தான் இருக்கிறது, இது பூக்கும்வரை அறுக்காமல் விடமுடியுமா என்று கேட்டேன். அவர் அந்தப் புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் அறுத்து வைத்திருந்த கட்டைப் பார்த்து, இது உலகத்தில் இல்லாத புல்லா என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். நான் வாய்க்கா மேட்டுக்குப் போய் அறுத்துக்கறேன்."

வாய்க்கால் மேடு இரண்டு மைல். போக இரண்டு, தலையில் கட்டோடு திரும்ப இரண்டு. நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மற்றவர்களும் அறுக்காதபடி அவரே பார்த்துக்கொண்டார். அக்டோபரில் போனபோது வடகரையில் குச்சி நட்டுப் பழைய சேலைத்துணி கட்டியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. சரணாலயம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

1996 தை பிறந்து ஒரு வாரத்தில் புல் பூத்தது. கரையில் நின்று பார்த்தேன். தடித்த தண்டு, கணுவில் வேர், மேலே கட்டையான, விரல் போன்ற கதிர். தமிழ்நாட்டில் பாதிக் குளங்களில் இருக்கிற சாதாரணப் புல்லின் கதிர். ஒன்றிரண்டு கலந்திருக்கும் என்று நினைத்து, தலை சுற்றுவதைப் பொருட்படுத்தாமல் தண்ணீரில் இறங்கி வடகரை முழுக்க நடந்தேன். எல்லாம் அதே கதிர்தான்.

துறைக்கு வந்து மாடிப்படிக்குக் கீழே போய் அந்த ஷீட்டை எடுத்தேன். விரிசல் இருந்த இடத்தில் ஈரப் பஞ்சை வைத்துக் கால்மணி நேரம் காத்திருந்தேன். கோந்து இளகியது. லேசாக இழுத்ததும் மேல்பாதி கழன்று வந்தது. கீழே இருந்த தண்டு குழாய் போல உள்ளே வெறுமையானது. மேலே இருந்தது மெல்லிய கம்பி போன்ற வேறொரு புல்லின் தண்டு, வயல் மேட்டில் வளர்வது, அதே வாரம் நான் சேகரித்தது. முறிந்த இரண்டும் உறையில் கத்தி போல ஒன்றுக்குள் ஒன்று அவ்வளவு பொருத்தமாக இறங்கியிருந்தன. காற்று பாதியைச் செய்தது. மீதியைக் கோந்து தடவி முடித்துவைத்தது நான்.

இதற்கு ஒரு வாரம் கழித்துக் கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்தது. படத்தைப் பார்த்தால் இதுவரை பதிவாகாத இனமாகவே தெரிகிறது, வாழ்த்துகள், ஷீட்டை உடனே அனுப்பவும் என்று எழுதியிருந்தார். அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பதினோரு நாள் அந்தக் கடிதத்தைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லலாம். அந்த இடத்திலிருந்து அழிந்தேவிட்டது என்றுகூடச் சொல்லலாம், அதைக் கேட்டால் நான்கு பேர் வருத்தப்படுவார்கள், எனக்கு இன்னும் பெயர் வரும். சமையல் செய்யும்போது இப்படி ஒவ்வொன்றாக யோசித்து, ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பேராசிரியரிடம் போய் இரண்டு பாதியையும் மேஜைமேல் தனித்தனியாக வைத்தேன். விளக்கம் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும்தானேம்மா பார்த்தேன்," என்றார். பிறகு, "தூக்கி எறிஞ்சுடாதே. மறுபடி ஒட்டி, நடந்ததை அப்படியே லேபிள்ல எழுதி உள்ளே வை."

அப்படியே செய்தேன். கீழ்ப்பாதி ஒரு செடி, மேல்பாதி இன்னொரு செடி, ஒட்டியவர் அம்புஜம் என்று எழுதினேன். கல்கத்தாவுக்கும் எழுதினேன். துறையில் இரண்டு மாதம் என்னைக் கண்டால் எல்லோரும் மிக்ஸர் கேட்டார்கள்.

சென்னியம்மாளிடம் சொல்வதுதான் பாக்கி. அதைத் தள்ளிப் போட்டேன். மாசி மாதம் போனபோது அவர் வடகரையில் இல்லை. வீடு கேட்டுப் போனேன். வலது கணுக்காலில் துணி சுற்றி, வாசலில் உட்கார்ந்து எருமைக்குத் தவிட்டுத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் மேட்டில் கட்டோடு இறங்கும்போது வழுக்கிவிட்டதாம், பத்து நாள் ஆகிறதாம். இதைச் சொல்லிவிட்டு, பூ வந்துதுங்களா என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, முருங்கை மரம், கோந்து எல்லாம். அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கவனமாகக் கேட்டார்.

"அப்ப அது சாதாப் புல்லுதானுங்க?"

"ஆமாங்கக்கா."

"இனி அறுத்துக்கலாமுங்களா?"

ஆமாம் என்றேன். சரி, காபித்தண்ணி வைக்கட்டுமா என்றார். அந்தக் காபியைக் குடிப்பதற்குப் பதில் குளத்தில் குதித்திருக்கலாம் போல இருந்தது, அதற்கும் எனக்கு நீச்சல் தெரியாது.

அவர் கால் சரியாகும்வரை சனி, ஞாயிறு நானே வந்து அறுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடம் புல் படித்திருந்தேன், ஒரு கட்டுப் புல் அறுக்கத் தெரியாது என்பது அரிவாளைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் இடது ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டேன். ஐந்து மாதம் விட்டு முற்றிப்போன புல்லை எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இளசாக அறுக்க வேண்டும், அதற்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும், அதுவும் குனிந்து. சீனிவாசலு பட்டறைக்கு விடுமுறை விட்டுவிட்டு வந்து, கரையில் நின்று என் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள்.

மூன்றாவது வாரம், அப்படிக் குனிந்திருந்தபோது, பெரிய புல்லின் அடியில், சேற்றோடு ஒட்டி, விரல் நீளத்தில் ஒரு சின்னப் புல் பூத்திருப்பதைக் கண்டேன். கரையில் குடையோடு நின்றால் எந்தக் காலத்திலும் கண்ணில் பட்டிருக்காது. பறித்ததும் முதலில் தண்டை விரலில் உருட்டிப் பார்த்தேன். உருண்டது. மேலே கீழே இழுத்துப் பார்த்தேன், கழலவில்லை. சென்னியம்மாளிடம் காட்டினேன். மாடு திங்காதுங்க, நாங்க பொறுக்கி எறிஞ்சுபோடுவோம் என்றார்.

அது புது இனம் இல்லை. வங்காளத்திலும் ஒரிசாவிலும் இருப்பதுதான். எங்கள் ஜில்லாவில் அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை, அவ்வளவே. இரண்டு வருடம் கழித்து ஒரு தாவரவியல் பத்திரிகையில் அரைப் பக்கக் குறிப்பு வந்தது. நன்றி சொன்ன வரியில் சென்னியம்மாள் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. என் பெயரைத்தான் அம்புஜன் என்று போட்டு ஆணாக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். தன் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மடித்து சொசைட்டிப் பால் அட்டைக்குள் வைத்துக்கொண்டார். கால் எப்போதோ சரியாகியிருந்தது, ஆனால் மேடு ஏறினால் கொஞ்சம் சாய்த்துத்தான் வைப்பார்.

1998-ல் பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வுக்கு மொத்தம் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கினார், அவர் என் கணவர்.

அந்த வருடம் விநாயகர் சதுர்த்தியன்று மாமியார் பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு அருகம்புல் வாங்கிவந்து தாம்பாளத்தில் வைத்தார். பழக்கதோஷத்தில் பிரித்துப் பார்த்தேன். அருகம்புல்லோடு வேறு மூன்று புல் கலந்திருந்தது. டாக்டர் என்ற முறையில் அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். இது இன்னது, அது இன்னது, இவற்றைப் படைக்கக் கூடாது என்று. வெங்கடம்மாள் கொழுக்கட்டை மாவிலிருந்து கையை எடுக்காமலே, பிள்ளையார் லேபிள் எல்லாம் கேட்கமாட்டார், நீ தேங்காயைத் துருவு என்றார்.

தேங்காயைத் துருவி வைத்தேன். பிறகு அந்த மூன்றையும் தனியே எடுத்து, கையில் கிடைத்த பேப்பருக்குள் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினேன். அது அன்றைய பேப்பர். சீனிவாசலு இன்னும் படித்திருக்கவில்லை.